முப்பத்தெட்டு கிலோவும் ஒரு கிலோ ரோஸ்ட்டும்

அந்த வாரம் என் மனைவியின் எடை முப்பத்தெட்டு கிலோ. மருந்து ஆரம்பித்த அன்று நாற்பத்தாறு இருந்தாள். டிபி என்று தெரிந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. இருமல் நின்றுவிட்டது, சாயங்காலக் காய்ச்சலும் நின்றுவிட்டது. இனிமேல் யாருக்கும் தொற்றாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் சோறு மட்டும் உள்ளே போக மாட்டேன் என்றது. காலையில் ஒரு கை மாத்திரையை விழுங்கினால் மத்தியானம் வரைக்கும் குமட்டல். அதற்கு மேல் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். ரசம் சாதம், இட்லி, மோர்க்கஞ்சி, அவித்த முட்டை, டப்பாவில் விற்கும் புரதப் பவுடர் என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. முட்டையைக்கூட நான்தான் அவித்தேன். சைவ வீட்டில் பிறந்த எனக்கு அதுவே பெரிய சாகசமாக இருந்தது.

டாக்டர் சின்னப் பெண். பேச்சில் வழவழா கொழகொழா கிடையாது. மூன்று வாரமாக எடை இறங்கிக்கொண்டே போகிறது, அடுத்த வியாழக்கிழமை வாருங்கள், இன்னும் இறங்கியிருந்தால் அட்மிட் செய்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்று இந்தியில் சொல்லிவிட்டு அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டுவிட்டார். ஆட்டோவில் ஏறியதும் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைய வார்டுல மட்டும் போட்றாதீய. எங்கப்பா நடந்துதான் உள்ள போனாரு."

அவள் அப்பா மூன்றாம் நாள் எப்படி வெளியே வந்தார் என்பது எனக்குத் தெரியும். தூக்கி வந்த நாலு பேரில் நானும் ஒருவன். "ஒண்ணும் ஆகாது, பேசாம வா" என்று எரிந்து விழுந்தேன். பயம் வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அது என் பிறவிக் குணம்.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. செம்பூரில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் தாராவியில் பிறந்து வளர்ந்தவள், அங்கேயே ஒரு தமிழ்ப் பள்ளியில் டீச்சர். அவளுடைய பெற்றோர் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். நான் மாட்டுங்காவில் வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பம். ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, இன்றைக்கும் அங்கேயே காகிதம் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் ஏறும் முன் கையெழுத்துப் போட எங்கள் ஆபீஸுக்கு வருவார். அப்படித்தான் அந்தக் குடும்பம் எனக்குப் பழக்கம் ஆனது. மிச்சக் கதை மாட்டுங்காவில் எல்லாரும் ஒரு வருஷம் பேசித் தீர்த்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் வழக்கம்போல அவள் தலைமாட்டில் நின்று கேட்டேன். "என்ன பண்ணட்டும்? ஏதாவது ஒண்ணு சொல்லேன்."

அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பா செஞ்ச ரோஸ்ட் இருந்தா ரெண்டு துண்டு தின்னலாம்னு தோணுது." உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சும்மா சொன்னேன். விடுங்க."

எப்படி விடுவது? ஏழு வாரத்தில் அவள் வாயைத் திறந்து ஒரு சாப்பாட்டின் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. போயும் போயும் அது மாட்டுக்கறி ரோஸ்ட்டாக இருந்து தொலைத்தது.

அந்த ரோஸ்ட் பற்றி எனக்குக் கேள்வி ஞானம் உண்டு. அவள் அப்பா லீவில் வந்தால் கப்பலில் ஞாயிற்றுக்கிழமை ஆபீஸர்களுக்குச் செய்யும் சாப்பாட்டைத் தாராவி அறையில் செய்து போடுவாராம். ஒரே துண்டுக் கறி. கூட உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். கப்பலில் ஓவன் இருக்கும், தாராவியில் ஏது? குக்கரில்தான் செய்வார். அவர் போன பிறகு அவள் தம்பி அதைச் செய்ய ஆரம்பித்தான். எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம். மாதம் ஒரு ஞாயிறு "தம்பி வீட்டுக்குப் போய்ட்டு வாரேன்" என்று கிளம்புவாள். சாயங்காலம் வாயில் ஏலக்காய் மணக்கத் திரும்பி வருவாள். இந்த வீட்டில் சமைக்காதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சமைத்துக்கொள் என்றும் சொன்னதில்லை. அதை என் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பாருங்கள், அந்த வெட்கத்தை எங்கே போய்ச் சொல்வது. சொந்த வீடு இருக்கும்போது தனக்குப் பிடித்ததைத் தின்ன அவள் இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

மச்சினனுக்கு போன் போட்டேன். அவனுக்கு அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை.

"அத்தான், நீங்களா செய்யப் போறீய?" என்றவன் சிரித்தான். அக்காவின் எடையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "நான் செஞ்சு கொண்டாந்துருவேன். ஆனா இந்த வாரம் பூரா செகண்ட் ஷிப்ட். வியாழக்கிழமைதான் லீவு."

"வியாழக்கிழமை காத்தாலே எடை பார்க்கணும்டா. அதுக்கு முன்னாடி ரெண்டு வாயாவது உள்ளே போகணும்."

"அப்ப நீங்கதான் செய்யணும். ஹோட்டல்ல வாங்கிக் குடுத்திராதீய, காரத்துல அக்காவுக்கு வயிறு வெந்துரும். கடைக்காரன்ட்ட சொல்லி வைக்கேன். போய் நின்னா போதும், அவனே குடுப்பான்."

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விட்டதும் சயானில் இறங்கித் தாராவிக்குப் போனேன். அங்கே அதைப் 'படேகா' என்பார்கள், அதாவது பெரியதன் கறி. எருமைதான். எருமைக்கு இங்கே தடை இல்லை, தடை பசுவுக்கும் காளைக்கும்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ரோட்டில் ஒருவன் மறித்துப் பையைத் திறக்கச் சொன்னால் அவனுக்கு எதை வைத்து நிரூபிப்பேன்? கடையில் நின்ற பத்து நிமிஷமும் நான் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏக் ஹீ பீஸ்?" என்று கடைக்காரர் கேட்டார். ஒரே துண்டுதான் என்று விசிறியிடம் சொன்னேன். அவர் அதைக் காகிதத்தில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்தார். என் ஆபீஸ் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை வெளியே எடுத்து, இதை அடியில் வைத்து, மேலே டப்பாவை வைத்து, அதற்கும் மேலே வழியில் வாங்கிய முருங்கைக்காய் நாலை நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகினேன். முருங்கைக்காய் வைத்திருக்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள் என்று ஒரு கணக்கு.

ரயிலில் போகத் தைரியம் இல்லாமல் ஆட்டோ பிடித்தேன். அப்படியும் சிக்னல் தாண்டியதும் போலீஸ் நாகாபந்தி, வண்டிகளை மறித்துச் சோதனை. ஆட்டோவை ஓரம் கட்டச் சொன்னார்கள். கான்ஸ்டபிள் குனிந்து உள்ளே பார்த்தார். நான் முருங்கைக்காயைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினேன். அவர் டிரைவரிடம் லைசென்ஸ் கேட்டார், பார்த்தார், போ என்றார். அவ்வளவுதான். வீடு வரைக்கும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன். ஐம்பத்தைந்து வயதில் ஒரு குற்றமும் செய்யாமல் இப்படிக் குற்றவாளி மாதிரி வியர்ப்பதற்கும் ஒரு ஜாதகம் வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் மறைக்க வேண்டிய விஷயம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. டிபி என்று யாருக்கும் சொல்லவில்லை. வைரல், வீக்னெஸ் என்று சமாளித்து வந்தோம். இப்போது ஃப்ரிட்ஜில் இன்னொரு ரகசியம். சொஸைட்டியில் முக்கால்வாசிப் பேர் வெங்காயம் பூண்டைக்கூட யோசித்துச் சாப்பிடுகிறவர்கள்.

அன்று ராத்திரிக்குள் உப்பு மிளகு தடவி வைத்துவிட வேண்டும் என்று அவள் படுக்கையிலிருந்தே உத்தரவு போட்டாள். கறியை ஸிங்க்கில் போட்டுக் குழாயைத் திறந்தேன். தொட்டதும் கை தானாகப் பின்னால் வந்தது. பிறகு மீண்டும் தொட்டேன். கழுவினேன், கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன்.

"எவ்வளவு நேரமா தண்ணிச் சத்தம் கேக்கு? துணியா தொவைக்கீய? சத்தெல்லாம் போயிரும், நிறுத்துங்க!"

நிறுத்தினேன். இஞ்சி, பூண்டு, மிளகு தட்டி, வினிகர் விட்டு, உப்பு போட்டுத் தடவினேன்.

இந்த உப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சமைக்கிறவர் ருசி பார்ப்பது கிடையாது. சுவாமிக்கு நைவேத்தியம் ஆகும் முன்னால் நாக்கில் படக்கூடாது. அம்மா பாத்திரத்தில் தண்ணீர் எது வரை நிற்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பாள், உப்பு ஜாடியில் கையை விடுவாள், போடுவாள், தீர்ந்தது. கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. எனக்கும் அந்தக் கை வந்துவிட்டது. இவள் ஸ்கூலுக்குப் போகிற நாளெல்லாம் சாம்பாரும் கூட்டும் என் வேலைதான். இத்தனை வருஷத்தில் உப்பு சரியில்லை என்று அவள் சொன்னது கிடையாது. அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. கறியை நான் எப்படியும் வாயில் வைத்துப் பார்க்கப் போவதில்லை, கை பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக்கையாகத் தடவினேன்.

புதன்கிழமை ஆபீஸில் வேலை ஓடவில்லை. யாரோ கேட்ட பில்லை வேறு யாருக்கோ அனுப்பிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆறரைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்பங்கரைக்குப் போனேன். அடுப்புக்கு நேர் எதிரே சுவாமி அலமாரி. அதன் கதவைச் சாத்தினேன். சாத்தியபின் மனசு கேட்கவில்லை. ஏழு வாரமாக இவளுக்காக இவர்களிடம்தான் அழுதுகொண்டிருக்கிறேன், இப்போது முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துவதா? திறந்தே வைத்தேன். பார்த்தால் பார்க்கட்டும்.

துண்டு வேகும்போது விரியாமல் இருக்க நூலால் கட்ட வேண்டுமாம். வீட்டில் பூத்தொடுக்கும் நூல்தான் இருந்தது. அதையே சுற்றிக் கட்டினேன். குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் இடுக்கியால் தூக்கிப் போட்டேன். பாருங்கள், அது போட்ட சத்தத்தில் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

"தீயக் கூட்டி வச்சு நாலு பக்கமும் செவக்க விடுங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "வெள்ளையா இருக்கும்போதே தண்ணிய ஊத்திராதீய."

செவக்க விட்டேன். வாசனை எழும்பியது. எனக்கு அது நல்ல வாசனையா கெட்ட வாசனையா என்று சொல்லத் தெரியவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடலாம் என்று கையைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டேன். அது காற்றை நேரே மாடிப்படிக்குத்தான் தள்ளும். ஜன்னலைச் சாத்தினேன். புகையில் கண் எரிந்தது. அவளுக்கு இருமல் வந்துவிடுமோ என்று பயந்து ஜன்னலைத் திறந்தேன். வாசனை கீழ் வீட்டுக்குப் போகுமே என்று மறுபடி பாதி சாத்தினேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பட்டை, கிராம்பு, வெங்காயம் போட்டு, கறி முக்கால் மூழ்கும்படி தண்ணீர் விட்டேன். தண்ணீரை ஒரு பார்வை பார்த்தேன். ஜாடியில் கையை விட்டுத் தண்ணீருக்கான உப்பைப் போட்டு மூடினேன்.

"எத்தனை விசில்?"

"பதினஞ்சாவது வரணும். உங்க பருப்புக் கணக்குல மூணுல இறக்கினா செருப்புதான் கிடைக்கும்."

பதினைந்து விசிலா! எங்கள் கட்டடத்தில் ஒரு வீட்டு விசில் எல்லா வீட்டுக்கும் கேட்கும். மூன்று என்றால் பருப்பு, ஆறு என்றால் கொண்டைக்கடலை. ஏழாவது விசிலில் போய் வாசற்கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்தேன். பதினோராவதில் காலிங்பெல் அடித்தது.

பக்கத்து ஃப்ளாட் அம்மா. கையில் ஒரு கிண்ணத்தில் கிச்சடி. ஆன்ட்டிக்கு லேசாக இருக்கட்டும் என்று செய்தேன் என்றாள். நல்ல மனுஷி. நான் கதவை ஒரு ஜாண் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, உடம்பால் அந்த ஜாணையும் அடைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே பன்னிரண்டாவது விசில்.

"இத்னா ஸீட்டி? ராஜ்மா ஹை க்யா?" என்றாள். இத்தனை விசிலா, ராஜ்மா பயறா என்று கேட்கிறாள்.

"ஹாங், ஹாங், ராஜ்மா," என்றேன்.

அதை முந்தின ராத்திரியே ஊறவைத்திருக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். தலையாட்டினேன். பதிமூன்றாவது. அவள் மூக்கு ஒரு தரம் அசைந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு, அவர்களுக்கு நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள், ரொம்ப இளைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்ததோ தெரியவில்லையோ, இன்றுவரை நான் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு அந்தக் கிச்சடிக் கிண்ணத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

குக்கர் ஆறியதும் கத்தியால் குத்திப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. துண்டை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, அந்தச் சாற்றிலேயே உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் எல்லாம் போட்டு வேகவிட்டேன். காய்கறி போட்டால் காய்கறிக்கு என்று ஒரு துளி உப்பு போடுவது எங்கள் வழக்கம். கை தானாகப் போட்டது. சாறு நீர்க்க இருந்தது.

"வத்த விடுங்க," என்றாள். "கரண்டியில ஒட்டுத மாதிரி வரணும். அப்பாவோடது கறுப்பா பளபளன்னு இருக்கும்."

பாதியாக வற்றும்வரை கிளறினேன். "கொஞ்சம் ருசி பார்க்கறயா? கரண்டியிலே கொண்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். தட்டுல வச்சே கொண்டாங்க. இப்ப ஒரு வாய் வச்சா அதோட வயிறு பொரட்டிரும்."

நூலை அறுத்து மெல்லிசாகத் துண்டு போட்டேன். எட்டரை மணிக்கு அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள். தட்டில் நாலு துண்டு, பக்கத்தில் கிழங்கும் கேரட்டும் பீன்ஸும், மேலே அந்தக் கறுப்புச் சாறு, ஓரமாக இரண்டு பாவ் ரொட்டி. கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

முதல் துண்டை வாயில் வைத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். என் உயிர் போய்விட்டது. துப்பப் போகிறாள், தட்டைத் தள்ளப் போகிறாள், நாளைக்கு வார்டு, நாளைக்குக் குழாய், எல்லாம் என் கண் முன்னால் வந்துவிட்டது. அவள் மறுபடி மென்றாள். விழுங்கினாள். பாவைப் பிய்த்துச் சாற்றில் தொட்டாள். இரண்டாவது துண்டு. கிழங்கு. மூன்றாவது. தலையை நிமிர்த்தாமல், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்கிற மாதிரி தின்றாள். நாலாவதையும் தின்று முடித்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள்.

"எப்படி இருக்கு?"

"இருக்கு," என்றாள். "இன்னொரு செம்புத் தண்ணி."

எனக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. ஸிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டு, குக்கரைத் தேய்க்கிற சாக்கில் கொஞ்சம் அழுதேன். அன்று ராத்திரி அவள் நாலைந்து தரம் எழுந்து தண்ணீர் குடித்தாள். மாத்திரைச் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி எடை மெஷின் முப்பத்தெட்டு கிலோ அறுநூறு காட்டியது. நர்ஸை இரண்டாம் தடவை பார்க்கச் சொன்னேன். அதே அறுநூறு. டாக்டர், நல்லது, அட்மிஷன் இப்போது வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம், என்ன கொடுத்தீர்களோ அதையே கொடுங்கள் என்றார். நான் என்ன கொடுத்தேன் என்று அந்த டாக்டரிடம் ஒரு அரைமணி நேரம் சொல்லியிருப்பேன், மனைவி சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால். திரும்பும் வழியெல்லாம் எனக்குத் தரையில் கால் படவில்லை. ருசி வந்துவிட்டது, இனிமேல் ஏறுமுகம்தான், வாரம் ஒரு நாள் ரோஸ்ட் என்று தீர்மானமே போட்டுவிட்டேன்.

சாயங்காலம் மச்சினன் வந்தான். மிச்சம் இருந்ததைச் சுடவைத்து, ஒரு பெரிய சமையல்காரர் பாவனையில் அவன் முன்னால் வைத்தேன்.

"கலர் அப்பா வச்ச மாதிரியே இருக்கே அத்தான்!" என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். அவன் தாடை நின்றது. என்னைப் பார்த்தான். சிரமப்பட்டு விழுங்கினான். எழுந்துபோய்த் தண்ணீர் பில்டரில் வாயை வைக்காத குறையாகக் குடித்தான்.

"என்னடா?"

"அத்தான்..." குரலைத் தாழ்த்தினான். "உப்பளத்துல போட்டு எடுத்தியளா?"

நான் நம்பவில்லை. தட்டிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துக் கடித்தேன். ஐயோ! உப்பு என்றால் சாதாரண உப்பா? நாக்கு சுருண்டுவிட்டது. கடித்த பிறகுதான் எந்தச் சாற்றில் வெந்த கிழங்கு அது என்பது உறைத்தது. அதை நினைக்க அப்போது நேரமில்லை. கறிக்கு ஒரு உப்பு, தண்ணீருக்கு ஒரு உப்பு, காய்க்கு ஒரு உப்பு. சாம்பார்க் கை. சாம்பாரில் ஊற்றின தண்ணீர் அப்படியே நிற்கும். இதில் பாதியாக வற்றவிட்டிருக்கிறேன். தண்ணீர் போயிற்று, உப்பு போகவில்லை.

"அக்கா இதையா தின்னா?"

"நாலு துண்டு."

"தண்ணி குடிச்சாளா?"

"ராத்திரி பூரா."

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அப்ப அந்த அறுநூறு கிராம் தண்ணிதான் அத்தான்."

எடை ஏறவே இல்லை. அதைவிடப் பெரிய இடி வேறு. இவ்வளவு உப்பு தெரியாமல் ஒருத்தி நாலு துண்டு தின்றிருக்கிறாள் என்றால் அந்த நாக்கில் உயிரே இல்லை என்று அர்த்தம். ருசி வந்துவிட்டது என்று நான் ஆடினதெல்லாம் பைத்தியக்கார ஆட்டம். அடுத்த வியாழன் தண்ணீர் எல்லாம் வடிந்து மெஷின் உண்மையைச் சொல்லும், குழாய்தான். நேரே அவள் அறைக்குப் போனேன்.

"உனக்கு நேத்திக்கு உப்பு தெரியலையா?"

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னை. "ஏன் தெரியாம? மொத வாயிலயே தெரிஞ்சிட்டு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "தெரிஞ்சு ஏன் தின்னே? எனக்காகவா? நான் அங்கே நின்னேன்னா? சொல்லித் தொலைக்கறதுக்கென்ன! உப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன தூக்குப் போட்டுக்கவா போறேன்?"

"கத்தாதீய," என்றாள். "உங்களுக்காக ஒண்ணும் தின்னல."

"பின்னே?"

கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். "ஏழு வாரமா எதத் தின்னாலும் சாக்பீஸத் திங்க மாதிரிதான். உப்பும் தெரியல, புளிப்பும் தெரியல. இனிமே இப்படியேதான்னு நெனச்சிட்டேன். சொன்னா பயந்துருவீயன்னு உங்கட்ட சொல்லல. நேத்து அந்தத் துண்ட வாயில வச்சதும் சுரீர்னு ஒண்ணு. என்னடா இதுன்னு பாத்தா, உப்பு. தெரியுது. நெசமாவே தெரியுது. நிறுத்தினா போயிரும்னு பயத்துல தின்னுக்கிட்டே இருந்தேன்."

அவள் தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். ஏழு வாரம் நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். நான் என் பயத்தைச் சொல்லாமல் எரிந்து விழுந்தேன், அவள் நாக்கைச் சொல்லாமல் இருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறதாக நினைப்பு. அவள் பாதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டேன். எலும்புதான் இருந்தது.

"அந்த எடை தண்ணி எடையாம்," என்றேன். மறைக்க எனக்குத் தெம்பில்லை.

"இருக்கட்டும்." அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தாள். "சோறு இருக்கா?"

"எதுக்கு? தம்பிக்கா?"

"பசிக்கி," என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து ஏழு வாரத்தில் நான் கேட்கவில்லை. வீட்டில் ஒரு பருக்கை சோறு இல்லை. ஓடிப்போய் அரிசியைக் களைந்தேன். அவசரத்தில் பாதி அரிசி ஸிங்க்கோடு போயிற்று. "அத்தான், தள்ளுங்க, நான் வைக்கேன்," என்று மச்சினன் வந்து பாத்திரத்தை வாங்கப் பார்த்தான். நான் கொடுக்கவில்லை.